முப்பந்தலில் உங்களைத் தள்ளியது காற்று அல்ல

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2018 மாடல் சிறிய கார் வைத்திருக்கிறேன். இதுவரை 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வண்டியோடு வந்த டயர்களே இன்னும் ஓடுகின்றன. கார்த்திகையில் சென்னையில் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைக் காரிலேயே ஊருக்கு அழைத்து வர எண்ணியிருக்கிறேன். "முன் டயரில் இன்னும் பட்டன் இருக்கிறது, பொங்கல் வரை தாராளமாக ஓட்டலாம்" என்கிறார் எங்கள் மெக்கானிக் தம்பி. மருமகனோ நான்கையும் மாற்றச் சொல்கிறார். கடையில் 19,000 ரூபாய் கேட்கிறார்கள். ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுப்பதைத் தவிர வண்டியில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் மழையில் முப்பந்தல் அருகே 80 கி.மீ. வேகத்தில் வந்தபோது வண்டி ஒரு கணம் மிதந்ததுபோல் ஒதுங்கியது. அந்த இடத்துக் காற்றுதான் என்று விட்டுவிட்டேன். இரண்டு டயரை மட்டும் மாற்றினால் போதாதா? அப்படியானால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் 26 ஆண்டுகளாக டயர் கடையும் அலைன்மென்ட் பட்டறையும் வைத்திருப்பவன் நான். டயரை மாற்றச் சொன்னால் லாபம் பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆகவே நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நம்பாமல் நீங்களே பார்த்துக்கொள்வதற்கான வழியையும் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு வைத்தேன். ஒன்று, ஸ்டியரிங் இடது பக்கம் இழுப்பது. மற்றொன்று, முப்பந்தல். இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த இரண்டு வரிதான்.

முப்பந்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைத் தள்ளும் என்பது உண்மை. அதனால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அந்தக் காற்றுக்குப் பருவம் உண்டு. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை அடிக்கும். ஆடியில் இது நடந்திருந்தால் நானும் காற்று என்றே நம்பியிருப்பேன். நீங்கள் வந்ததோ வடகிழக்குப் பருவமழையில். அதோடு, காற்று தள்ளினால் வண்டி ஒரு பக்கமாக அழுந்தும், ஸ்டியரிங்கில் கனம் தெரியும். "மிதந்ததுபோல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப் போனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆம் என்றால் அந்த ஒரு கணம் உங்கள் முன் டயர்கள் சாலையைத் தொடவே இல்லை, தண்ணீரின் மேல் ஓடின.

இது எப்படி நடக்கிறது என்பதை ஆசிரியரான உங்களிடம் கணக்காகவே சொல்லலாம். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். உங்கள் வண்டியின் டயர் ஏறக்குறைய பதினேழரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சாலையில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு டயர் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். இரண்டு நொடிக்கு ஒரு குடம். டயர் தரையில் பதியும் இடமோ உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அந்த வேகத்தில் அது ஒரு துளித் தண்ணீரைக் கடக்க எடுத்துக்கொள்வது நொடியில் 150இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வேண்டும். நாம் பட்டன் என்று சொல்லும் கட்டைகளுக்கு இடையே ஓடும் பள்ளங்கள்தான் அந்த வாய்க்கால். புது டயரில் அவை ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். தேய்ந்து 2 மி.மீ. ஆகும்போது வாய்க்கால் கால்வாசியாகிவிடுகிறது. மழை மட்டும் பழைய அளவிலேயே பெய்கிறது.

வாய்க்காலில் போக முடியாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்புபோலச் சேர்ந்து டயரைத் தூக்கிவிடும். 1960களில் நாசா விமான டயர்களை வைத்துச் செய்த ஆய்வில், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அந்தக் கணக்குப்படி 32 பாயிண்ட் காற்று இருந்தால் ஏறக்குறைய 94 கி.மீ. வேகத்திலும், 24 பாயிண்டாக இறங்கியிருந்தால் 82 கி.மீ. வேகத்திலுமே டயர் மிதந்துவிடும். சாலையில் நிற்கும் தண்ணீர் பட்டன் ஆழத்தைவிட அதிகமாக இருக்கும் இடத்துக்கான கணக்கு இது. புது டயர் மிதக்க வேண்டுமானால் குளம்போலத் தேங்கியிருக்க வேண்டும். மொட்டை டயருக்கு ஒரு நல்ல தூறல் போதும். உங்கள் வண்டியில் காற்றும் குறைவாக இருந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.

"வண்டியில் ஒரு குறையும் இல்லை" என்கிறீர்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. காய்ந்த சாலையில் தேய்ந்த டயர் நன்றாகவே ஓடும், நன்றாகவே பிடிக்கும். கார்ப் பந்தயங்களில் வெயில் நாளில் பட்டனே இல்லாத வழவழப்பான டயர் போடுகிறார்கள். ரப்பர் அதிகமாகத் தரையைத் தொடுவதால் பிடிப்பும் கூடுகிறது. அதே பந்தயத்தில் மழை வந்துவிட்டால் ஓடிவந்து பள்ளம் வெட்டிய டயருக்கு மாற்றிக்கொள்வார்கள். நமக்கு நடுவழியில் அப்படி மாற்றித் தர ஆள் இல்லை. சித்திரை, வைகாசியில் ஓட்டிப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்த டயருக்கு ஐப்பசியில்தான் உண்மையான தேர்வு. அதுவரை அது எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கும், மெக்கானிக்கையும் சேர்த்து.

அடுத்து ஸ்டியரிங் இழுப்பது. உங்கள் மெக்கானிக் தம்பி டயரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பார்த்தார்? நின்றபடி, வெளிப்பக்கமாகத்தானே? ஸ்டியரிங் இழுத்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கலாம். அப்படித் தவறிய வண்டியில் டயர் சமமாகத் தேயாது. பெரும்பாலும் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்த்தால் பட்டன் பளிச்சென்று இருக்கும்.

சென்ற ஆண்டு இதே மழைக்காலத்தில் ஒருவர் அலைன்மென்ட் பார்க்க வந்தார். டயர் மாற்ற வேண்டும் என்றால் கோபித்துக்கொள்வார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை ராம்பில் ஏற்றி, கீழே நிற்கச் சொல்லி, "சார், உங்கள் கையாலேயே முன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்" என்றேன். மெதுவாகத் தடவிக்கொண்டே போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுட்டுவிரலில் ஒரு பொட்டு ரத்தம். ரப்பர் முழுக்கத் தீர்ந்து, உள்ளே பின்னியிருக்கும் எஃகுக் கம்பி இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே வந்து சிலும்பிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தில் அப்போதும் 4 மி.மீ. பட்டன் இருந்தது. அந்த டயரோடுதான் அவர் திருச்சியிலிருந்து ஓட்டி வந்திருந்தார்.

ஆகவே உங்கள் வண்டியை நீங்களே பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். ஒரு தீக்குச்சி, பேரப்பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருக்கும் ஸ்கேல், இரண்டும் போதும். மேடு பள்ளமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி விடுங்கள். முன் டயரின் முகம் வெளியே வரும். பெரிய பள்ளத்துக்குள் தீக்குச்சியை அடிவரை விட்டு, பட்டன் மட்டத்தில் நகத்தால் கீறி, வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம், நடு, உள்பக்கம் என்று ஒவ்வொரு டயருக்கும் மூன்று அளவு எடுங்கள். மூன்றில் சிறியதுதான் அந்த டயரின் மதிப்பெண். சராசரி எடுக்க வேண்டாம், இது வருடாந்திரத் தேர்வு அல்ல.

பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருப்பதையும் கவனிப்பீர்கள். அவை இருக்கும் இடத்தைக் காட்ட டயரின் தோளில் சிறு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம். மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு வைத்திருக்கும் எல்லை அதுவே. இரு சக்கர வாகனத்துக்கு 0.8. அதற்குக் கீழே ஓட்டுவது குற்றம். அதற்கு மேலே இருந்தால் ஆபத்தில்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம், ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே இறங்கும்போதே வேகமாக நீளத் தொடங்கிவிடும். மழைக்கால நெடும்பயணத்துக்கு நான் வைத்திருக்கும் கோடு 3. உள்ளூரில் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற வண்டியாக இருந்தால் இன்னும் சில மாதம் ஓட்டுங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். நீங்கள் போவது 700 கிலோமீட்டர்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்கித் தர முடியாது.

சரி, இரண்டா நான்கா? ஆழத்தை விடுங்கள், வயதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நீண்ட எழுத்து வரிசையின் முடிவில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1418 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. (வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உள்பக்கத்தில் இருக்கும்.) உங்களுடையது 17 என்றோ 18 என்றோ முடியும். ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது. ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் போடக் கூடாது என்பது டயர் நிறுவனங்களே சொல்வது. நம் வெயிலில் வாசலிலேயே நிற்கிற வண்டிக்கு நான் அந்தப் பத்தை நம்புவதில்லை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பழைய டயர் கட்டையாக இருக்கும். பக்கச்சுவரில் சுள்ளிக்கோடுகள்போல வெடிப்பு தெரியும். இறுகிய ரப்பர் ஈரத்தில் வழுக்கும், பள்ளம் ஆழமாக இருந்தாலும். "41,000தான் ஓடியிருக்கிறது" என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்வதை நான் வேறு விதமாகக் கேட்கிறேன். அது அதிகமாக நின்ற வண்டி. ஆகவே உங்கள் மருமகன் சொல்வதுதான் சரி: நான்கு. மாமனாருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

ஆனாலும் கையில் பணம் இடிக்கிறது, பின் டயர்கள் வெடிப்பில்லாமல் 4 மி.மீ.க்கு மேல் இருக்கின்றன, இப்போதைக்கு இரண்டுதான் என்றால், புது டயர்களைப் பின்னால் போடுங்கள். பின்னால் இருப்பவை முன்னால் வரட்டும். கடைக்காரர் மறுப்பார். "முன் சக்கரம்தான் இழுக்கிறது, முன் சக்கரம்தான் திரும்புகிறது, புதுசு அங்கேதான் போட வேண்டும்" என்பார். கேட்க நியாயமாகவே இருக்கும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். நடப்பதைப் பாருங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். கையில் உடனே தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பாகம் உங்களைச் சுற்றிக்கொண்டு முன்னே வரும். அது தொடங்குவது கையில் தெரியாது. தெரியும்போது வண்டி குறுக்காக நிற்கும். அதைத் திருப்பிக் கொண்டுவருவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். பின் சீட்டில் இருவரும் டிக்கி நிறையச் சாமானுமாக வரும்போது கேட்கவே வேண்டாம். இதற்காகக் கடையில் சண்டை போட வேண்டாம். "எனக்குப் பின்னால்தான் வேண்டும்" என்று சொல்லுங்கள், போட்டுத்தான் ஆக வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழுச் சுமைக்கு இவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். அதுவே வேதம். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். கோடையில் நாலு பாயிண்ட் குறைத்துப் பிடித்தால் டயர் வெடிக்காது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. நேர்மாறானது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும்; அந்தச் சூட்டில்தான் உள்ளே இழைகள் விட்டுப்போகின்றன. நெடுஞ்சாலையில் வெடித்து என் கடைக்கு வந்த டயர்களில் முக்கால்வாசிக்குப் பக்கச்சுவரின் உள்பக்கம் கரிப்பொடி உதிர்ந்தது. காற்றில்லாமல் ஓடியதற்கு அதுதான் சாட்சி. நைட்ரஜன் பிடிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவு சரியாக இருந்தால் போதும்.

வெடித்தால் விதி என்று இனிச் சொல்ல முடியாது. பூனாவிலிருந்து மும்பை போகும் வழியில் 2010இல் டயர் வெடித்து ஒருவர் இறந்த வழக்கில், அது கடவுள் செயல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பு மனித அலட்சியம் என்றது. டயரைப் பார்க்க வேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

பயணத்துக்கு வருகிறேன். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே டயரை மாற்றிவிடுங்கள். முந்தின நாள் வேண்டாம். புது டயரின் மேல் அச்சிலிருந்து கழன்றுவர உதவும் பூச்சு ஒன்று இருக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் பிடிப்பு முழுதாக வராது. அதை நாகர்கோவில், தக்கலை, கன்னியாகுமரி என்று உள்ளூரிலேயே ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மாற்றும்போதே அலைன்மென்டும் பேலன்சிங்கும் செய்தாக வேண்டும். இழுக்கும் வண்டியில் புது டயரைப் போட்டுவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் அடுத்த தீபாவளிக்கே என்னைத் தேட வேண்டியிருக்கும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். தரையையே தொடாமல் ஏழு ஆண்டு கிடந்தாலும் அதற்கும் வயது ஏழுதான். காற்றும் இறங்கியிருக்கும்.

வழியில் கனமழை பிடித்தால் 60க்கு இறங்கிவிடுங்கள். லாரிகள் அழுத்திய தடத்தில் தண்ணீர் நிற்கும். சாலை வலப்பக்கமாக வளையும் இடங்களில் மீடியனை ஒட்டியும் தேங்கும். முன்னே போகும் வண்டி தண்ணீரைக் கிழித்த தடத்திலேயே, இடைவெளி விட்டுப் போங்கள். மறுபடியும் மிதந்தால் பிரேக்கை உதைக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள், வேகம் குறைந்ததும் டயர் தானே தரைக்கு வந்துவிடும்.

கர்ப்பிணிப் பெண்ணை 700 கிலோமீட்டர் காரில் அழைத்து வரலாமா என்பது என் துறை அல்ல, மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நாளுக்குள் டயர் மாற்ற முடியவில்லை என்றால் மட்டும் நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய டயர்கள். "ஐந்நூறு தருகிறேன், விட்டுவிட்டுப் போங்கள் சார்" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் அப்படி அல்ல, ஆனால் அந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளத்தை மறுபடி வெட்டி, கறுப்பு மை பூசி, புதுசுபோல ஆக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பிக்கு மேலே இருந்த கொஞ்சநஞ்ச ரப்பரையும் அந்தக் கத்தி எடுத்துவிடுகிறது. ஆழம் மட்டும் அளந்தால் நான் சொன்ன தீக்குச்சியே ஏமாந்துபோகும். ஆகவே கடைப் பையனிடம் கத்தி வாங்கி, நான்கு டயரின் பக்கச்சுவரிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டு, பிறகு கொடுங்கள். ஐந்நூறு கிடைக்காது.